கோடை விடுமுறையும் வகுப்பறையின் வெம்மையும்

சித்திரை பிறந்ததும் நம் நாட்டுப் பெற்றோரிடையே ஆண்டுதோறும் ஒரு வழக்கு எழுகின்றது. பிள்ளைகள் வாரக் கணக்கில் வீட்டில் இருந்தால் கற்றவை அனைத்தும் மறந்துபோம். ஆதலின் பள்ளிகளை ஆண்டு முழுவதும் நடத்துதலே நன்று என்பர் ஒரு சாரார். பெரியோரே வெளியேற அஞ்சும் இவ்வெயிலில் சிறுவரை அறைக்குள் அடைத்து வைத்தல் அறமாகுமோ என்பர் மற்றொரு சாரார். இரு திறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இருவரும் நோக்காது விடும் பொருள் ஒன்று இடையே கிடக்கின்றது. அது வகுப்பறை. விடுமுறை எத்துணை நாள் என்று வாதிடும் நாம், அவ்வறை எத்துணை வெம்மை உடையது என்று வினவுவதில்லை. காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டை முன்வைத்து இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், ஆண்டு முழுவதும் நடைபெறும் பள்ளி என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். அது பிள்ளைகளுக்கு ஓய்வே அளிக்காத பள்ளி என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையானது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இம்முறையைக் கைக்கொண்ட பள்ளிகள் பல, 45 நாள் பாடமும் 15 நாள் ஓய்வுமாக ஆண்டைப் பகுத்துக்கொள்கின்றன. மொத்த வேலை நாட்கள் மற்றைப் பள்ளிகளைப் போலவே 180 என்னும் அளவினவேயாம். நீண்ட ஓய்வொன்றைத் துண்டுகளாக்கி ஆண்டெங்கும் பரப்புதலே இம்முறையின் சாரம்.

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை 200 வேலை நாட்களும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 வேலை நாட்களும் குறைந்த அளவாக விதிக்கின்றது. வாரத்திற்கு ஐந்து நாளாகக் கணக்கிட்டால் ஆண்டிற்கு 260 நாட்கள் வரும். அவற்றுள் 220 கழிய எஞ்சுவன 40 நாட்கள். அதாவது எட்டு வாரங்கள். பொங்கலும் தீபாவளியும், ரம்ஜானும் கிறிஸ்துமஸும், காலாண்டு அரையாண்டு விடுமுறைகளும், கோடை விடுமுறையும் இவ்வெட்டு வாரங்களுக்குள்ளேயே அடங்குதல் வேண்டும். போதாவிடில் சனிக்கிழமைகளில் பள்ளி நடத்தி ஈடு செய்தல் வேண்டும். ஆகவே, நம்முன் உள்ள வினா, "விடுமுறை வேண்டுமோ, வேண்டாவோ?" என்பதன்று, "உள்ள சில வாரங்களை எங்கே வைப்பது?" என்பதே.

இனி, நீண்ட விடுமுறையை மறுப்போர் கூறும் காரணங்களைக் காண்பாம். அவற்றுள் தலையாயது மறதி. அமெரிக்க அறிஞர் ஹாரிஸ் கூப்பரும் அவர் துணைவரும் முன்னைய ஆராய்ச்சிகள் பலவற்றைத் தொகுத்து நோக்கி, கோடை விடுமுறையின் முடிவில் மாணவர் தம் கல்வியில் ஏறத்தாழ ஒரு மாத அளவு பின்தங்குகின்றனர் என 1996-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இம்மறதி எல்லார்க்கும் ஒருபடித்தாய் அமைவதன்று. வீட்டில் நூல்களும், படித்துக் காட்டும் தாயும், பிரயாணமும் உடைய பிள்ளைக்கு விடுமுறையும் ஒரு பள்ளியே. தந்தை கட்டட வேலைக்கும் தாய் களத்துமேட்டிற்கும் சென்றுவிட, பூட்டிய வீட்டின் வாசலிலே பொழுது போக்கும் பிள்ளைக்கோ எழுத்தும் எண்ணும் நாளுக்கு நாள் நழுவுகின்றன.

மற்றொரு காரணம் வயிற்றைப் பற்றியது. 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிவடைந்த சத்துணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவும் நம் நாட்டுக் கல்வியின் உயிர்நாடிகள். பள்ளிக் கதவு மூடிய நாளில் அவ்வடுப்பும் அணைந்துவிடுகின்றது. விடுமுறை என்ற சொல் கேட்டு மகிழாத பிள்ளையும் நம் நாட்டில் உண்டு என்பதை நாம் மறத்தல் ஆகாது.

எதிர்த்தரப்பார் கூற்றும் எளிதில் தள்ளத் தக்கதன்று. விடுமுறை என்பது தட்பவெப்பம் பெற்ற பிள்ளை. இமயத்தின் சாரலில் உள்ள பள்ளிகள் பனிக்காலத்தில் நீண்ட விடுமுறை விடுகின்றன. அங்கே தீயது குளிர். அமெரிக்காவிலும் உழவுத் தொழிலை முன்னிட்டே கோடை விடுமுறை ஏற்பட்டது எனப் பலர் கூறுவர். உண்மையில் அந்நாட்டு நாட்டுப்புறப் பள்ளிகள் கோடையிலும் குளிர்காலத்திலுமே நடந்தன; விதைப்புக்கும் அறுவடைக்கும் உரிய பருவங்களிலேயே அவை மூடப்பட்டன. பெருநகரப் பள்ளிகளோ ஆண்டின் பெரும்பகுதி திறந்திருந்தன. நகரத்துக் கோடையின் புழுக்கமும், செல்வர் ஊரை விட்டுக் குளிர்ந்த இடங்களுக்குச் செல்லும் வழக்கமும் சேர்ந்தே நீண்ட விடுமுறையை நிலைநிறுத்தின. நம் பக்கத்திலும் அவ்வழக்கம் இருந்தது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சி 1845-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினர். சென்னை அரசாங்கம் உதகமண்டலத்தைத் தன் கோடைத் தலைநகராக வைத்திருந்தது. மலையேற இயன்றவர் மலையேறினர். இயலாதவர்க்குக் கிடைத்த நிழல் விடுமுறை ஒன்றே.

அஞ்சுதற்கும் காரணம் உண்டு. வெம்மை உடலை வாட்டுவதோடு நில்லாது கற்கும் ஆற்றலையும் குறைக்கின்றது. அமெரிக்காவில் ஒரு கோடி அளவு மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து, ஜோஷுவா குட்மன் முதலிய நால்வர் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு யாதெனில், குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில், ஓராண்டின் வெம்மை பாரன்ஹீட் கணக்கில் ஒரு டிகிரி மிகுந்தால் அவ்வாண்டின் கல்வி நூற்றில் ஒரு பங்கு குறைகின்றது என்பதாம். குளிர்சாதனம் உள்ள பள்ளிகளில் அக்கேடு பெரும்பாலும் காணப்படவில்லை. இப்பிற்கூற்றை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க; பின்னர் இதற்கு மீள்வோம். அதே 2020-இல் இந்திய நாட்டைக் குறித்து வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, சராசரி வெப்பம் 29 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட நாட்கள் பெருகிய ஆண்டுகளை அடுத்துப் பிள்ளைகளின் கணக்கும் வாசிப்பும் தாழ்கின்றன எனக் காட்டிற்று. வெயில் பயிரைக் கெடுக்க, பயிரின் கேடு குடும்பத்தின் வருவாயைக் கெடுக்க, அவ்வறுமை பிள்ளையின் படிப்பைக் கெடுக்கின்றது என்பது அவ்வாராய்ச்சியாளர் கண்ட தொடர்பு.

உலகளாவிய நிலையும் இதுவே. 2024-ஆம் ஆண்டில் புயல், வெள்ளம், வெப்பம் முதலியவற்றால் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடியே 20 லட்சம் மாணவர்களின் படிப்புத் தடைப்பட்டது என யுனிசெப் கணக்கிட்டது. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் மட்டும் வெப்ப அலையால் பாதிக்கப்பட்டோர் 11 கோடியே 80 லட்சம் பேர். தமிழ்நாட்டிலும் 2023-இல் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலின் கொடுமையால் ஜூன் 7-க்கும், பின்னர் மேல் வகுப்புகளுக்கு ஜூன் 12-க்கும் சிறுவர் வகுப்புகளுக்கு ஜூன் 14-க்கும் தள்ளி வைக்கப்பட்டன. 2024-இல் ஜூன் 6 என்றிருந்த நாள் ஜூன் 10 ஆயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழ்நாட்டரசு அறிவித்தது.

இங்ஙனமாயின், வெயில் மிகுந்த திங்களைத் தேர்ந்து விடுமுறையை அங்கே பெயர்த்து வைத்தல் போதாதோ எனின், அதனை ஆராய்வாம். கேரளத்தில் 2025-ஆம் ஆண்டு அந்நாட்டுக் கல்வி அமைச்சர் சிவன்குட்டி ஒரு வினாவைப் பொதுமக்கள் முன் வைத்தார். ஏப்ரல், மே திங்களில் உள்ள விடுமுறையைப் பெருமழை பெய்யும் ஜூன், ஜூலைக்கு மாற்றலாமோ என்பது அவ்வினா. அங்கே ஜூன் பிறந்தால் மழையும் உடன் பிறக்கும். வெள்ளத்தால் பள்ளி மூடும் நாட்கள் பல. ஆதலின் அவர்க்கு வெயில் ஒரு பக்கமும் மழை ஒரு பக்கமுமாக இரண்டில் ஒன்றைத் தேர்தல் வேண்டியதாயிற்று.

செட்டிநாட்டின் நிலை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுதலின் ஜூன் திங்கள் நமக்குக் குளிர்ச்சியைக் கொணர்வதில்லை. அக்கினி நட்சத்திரம் வைகாசி நடுவில் கழியும். ஆனால் வெயில் கழியாது. செம்புறைக்கல் நிறைந்த வறண்ட பூமியில் ஆனியிலும் ஆடியிலும் உலர்ந்த மேல்காற்றே வீசும். நமக்குரிய பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்கிலிருந்து வருவது. மாசி இறுதியில் ஏறத் தொடங்கும் வெம்மை ஆவணி வரை முற்றும் இறங்குவதில்லை. ஆறு திங்கள் நீளும் வெயிலை எட்டு வார விடுமுறையால் மறைத்தல் யாங்ஙனம்? விடுமுறையை எத்திங்களில் வைப்பினும், மார்ச்சுத் தேர்வும் ஜூன், ஜூலைப் பாடமும் வெயிலிலேயே நடைபெறுதல் வேண்டும். நாட்காட்டியைத் திருத்திச் செட்டிநாட்டு வெயிலினின்று தப்பிவிடலாம் என்பது கணக்கிற்குப் பொருந்தாத எண்ணம்.

பின் வழி யாது? அவ்வழியை நம் முன்னோர் நம் கண்ணெதிரே கட்டி வைத்துச் சென்றுள்ளனர். பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வாணிகம் செய்து பொருளீட்டிய நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் எழுப்பிய இல்லங்களைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக் கல்லையும் கண்டு வியந்து செல்கின்றனர். அவ்வழகினும் வியக்கத்தக்கது அவ்வில்லங்களின் குளிர்ச்சி. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாயில்கள் நேர்நேராக நிற்றலின் காற்று தடையின்றி ஊடுருவும். நடுவே வானம் நோக்கித் திறந்த வளவு இரவின் குளிர்ந்த காற்றைத் தன்னுள் தேக்கி வைக்கும். பகலில் சூடேறிய காற்று அதன் வழியே மேலெழுந்து வெளியேறும். தடித்த சுவர் பகல் வெம்மையை உள்ளே விடுதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் கூட்டி இழைத்த வெண்பூச்சு கதிரைத் திருப்பி அனுப்பும். மேலே நாட்டோடு, கீழே, சூளையில் இடாது வார்த்து உலர்த்திய ஆத்தங்குடிக் கல். சுற்றிலும் தாழ்வாரம் இருத்தலால் வெயில் சுவரைத் தீண்டாது.

ஒரு பங்குனித் திங்களில் இச்சிற்றூர்களுள் ஒன்றிற்கு யான் சென்றிருந்தேன். நண்பகல் உணவிற்குப்பின் பழைய இல்லமொன்றின் வளவில் பாயின்றி வெறுந்தரையில் படுத்தேன், விசிறியும் வேண்டியிருக்கவில்லை. பிற்பகல் இரண்டரை மணி அளவில் அதே ஊரிலுள்ள ஒரு சிறு பள்ளிக்கு நண்பர் ஒருவர் அழைத்துச் சென்றார். தகரம் வேய்ந்த அறை. ஒரு பக்கச் சுவரில் மட்டும் சன்னல். எதிர்ச்சுவரில் யாதும் இல்லை. மின்விசிறி சுழன்றது, அது தகரத்தின் அனலையே கீழே இறக்கிற்று. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுதுவதை விடுத்துத் தன் கன்னத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்துப் படுத்திருந்தாள். உபாத்தியாயினி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "இரண்டு மணிக்கு மேல் நான் பாடம் நடத்துவது வேப்பமரத்தடியில்தான், ஐயா. இன்று மரத்தடியில் வேறு வகுப்பு இருக்கிறது" என்றார். அவ்வறையில் குளிர்ந்த பொருள் தரை ஒன்றே என்பதை அக்குழந்தை தானே கண்டுகொண்டாள். ஆத்தங்குடிக் கல் பதித்த கைவினைஞர் அறிந்த அதனை, அவ்வறையைக் கட்டினோர் அறியாதது எங்ஙனம்?

அறியாமைக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றின் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. அது செய்ய வேண்டிய செயலே. ஆனால் கீற்று நீங்கிய இடத்தில் பல ஊர்களில் தகரமும், கல்நார் ஓடும், மெல்லிய கான்கிரீட்டுத் தளமும் வந்து அமர்ந்தன. தகரம் சில நிமிடங்களில் காய்ந்து அனலைத் தலைமேல் இறக்கும். கான்கிரீட்டுத் தளமோ முற்பகல் முழுவதும் வெம்மையை உண்டு, பிற்பகலில் அதனை உமிழும். பிள்ளைகளை நெருப்பினின்று காத்தோம், வெயிலினின்று காத்தோமோ?

செல்வர் இல்லத்தைப் பள்ளிக்கு உவமை காட்டுதல் தகுமோ என அன்பர்கள் வினவலாம். தேக்கும் சலவைக் கல்லும் பள்ளிக்கு வேண்டா. அவ்வில்லங்களின் குளிர்ச்சி வெண்மை, நிழல், காற்றோட்டம் என்னும் மூன்றால் ஆயது. இம்மூன்றும் ஏழைக்கும் எட்டுவன. கூரையின் மேல் வெண்சுண்ணாம்பு அல்லது வெப்பத்தைத் திருப்பும் வண்ணம் பூசுதல் ஒரு நாள் வேலை. 2010-ஆம் ஆண்டின் கொடிய வெயிலுக்குப்பின் 2013-இல் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்த அகமதாபாத் நகரம், பின்னர் எளியோர் வீட்டுக் கூரைகளில் இம்முறையைக் கையாண்டுள்ளது. எதிரெதிர்ச் சுவர்களில் சன்னலும், கூரைக்குச் சற்றுக் கீழே சூடேறிய காற்று வெளியேறச் சிறு துளைகளும் அமைத்தல் கொத்தனார் அறிந்த தொழில். தளத்தின் மேல் தட்டோடு பதிக்கலாம். மேற்குப் பக்கத்தே வேம்பும் புங்கும் நட்டால் சில ஆண்டுகளில் பிற்பகல் வெயில் சுவரை எட்டாது. பொருள் வசதியுடைய நாடுகள் பொறியின் துணையையும் நாடின. ஜப்பானில் 2018-ஆம் ஆண்டுக் கோடையில் பள்ளிச் சிறுவன் ஒருவன் வெயிலால் இறந்தபின், அந்நாட்டரசு சிறப்பு நிதி ஒதுக்கியது. 2022-க்குள் பொதுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் வகுப்பறைகளில் நூற்றுக்கு 95-க்கு மேல் குளிர்சாதனம் பெற்றன. அவர்கள் கோடை விடுமுறையை நீட்டி நில்லாது அறையைத் திருத்தினர் என்பது நோக்கத்தக்கது. குளிர்சாதனம் உள்ள பள்ளியில் வெயிலின் கேடு பெரும்பாலும் காணப்படவில்லை என முன்னர்க் கூறியதும் இதனையே வற்புறுத்தும்.

அறையோடு பொழுதையும் திருத்தலாம். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகள் விடியலிலேயே தொடங்கின. சர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆணையிட்டு நடத்திய கல்வி விசாரணைக்கு விடையாகப் பல்லாரிக் கலெக்டர் காம்பெல் எழுதிய அறிக்கை, பள்ளி காலை ஆறு மணிக்குத் திறந்ததையும், முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதிப் பாராட்டியதையும் கூறுகின்றது. வெயில் ஏறுமுன் கல்வி என்பது அப்பள்ளிகள் அறிந்த நெறி. இன்றும் கோடைத் திங்களில் பள்ளியை முன்னரே தொடங்கி நண்பகலில் உணவோடு முடித்தல் இயலும். அது கூடாவிடத்தும், கணக்கு முதலிய கருத்தூன்றும் பாடங்களை முற்பகலிலும், கைத்தொழில், கதை முதலியவற்றைப் பிற்பகலிலும் வைத்தல் தலைமையாசிரியர் கையிலுள்ள செயலே. கேரளத்தில் 2019-இல் தோன்றிப் பிற மாநிலங்களுக்கும் பரவிய தண்ணீர் மணி, எளிய நல்வழக்கம். மணி அடித்தவுடன் எல்லாப் பிள்ளைகளும் நீர் அருந்துவர். கேட்க நாணும் பிள்ளையும் தாகத்தோடு இருக்க வேண்டுவதில்லை.

இவற்றால் யாம் கொண்ட துணிவு இதுவாகும். மே திங்கள் விடுமுறை செட்டிநாட்டில் இருத்தல் வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் சிறுவரை வழிநடத்தி வரச் செய்தல் அருளன்று. பாட்டி வீட்டிற்குச் சென்று, ஊருணியில் நீந்தி, திருவிழாக் கண்டு பெறும் கல்வியும் கல்வியே. ஆனால், அவ்விடுமுறையை மேலும் நீட்டுதல் ஏழைப் பிள்ளையின் மறதியையும் பசியையும் நீட்டுதலாகும். அவ்விடுமுறைக்குள்ளும் காலை இரண்டு மணி நேரம் ஊர்ப் பொதுவிடத்திலோ நூல் நிலையத்திலோ வாசிப்பும் உணவும் வேண்டும் பிள்ளைகளுக்குக் கிடைத்தல் நன்று. எஞ்சிய பத்துத் திங்களுக்கும் உரிய மருந்து கூரையிலும் சன்னலிலும் மரத்திலும் உள்ளது.

இக்கலாசாலையின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். நம்மில் பெரும்பாலோர் இங்கு வருமுன் ஏதேனும் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் எழுத்தறிந்தவர்களே. அப்பள்ளியின் ஆண்டு விழாவிற்கு அழைப்பு வந்தால் மாலை வேளையில் சென்று, மாலை ஏற்று, மின்விளக்கின் கீழ்ப் பேசி மீள்கின்றோம். அடுத்த முறை பங்குனி வெயிலில், பிற்பகல் இரண்டரை மணிக்குச் செல்வோமாக. நாம் முன்னர் அமர்ந்த அறையில் அரைமணி நேரம் அமர்வோமாக. அதன்பின் அக்கூரைக்கு வெண்பூச்சு வேண்டுமோ, எதிர்ச்சுவரில் சன்னல் வேண்டுமோ, மேற்கே மரம் வேண்டுமோ என்று ஒருவர் சொல்ல வேண்டுவதில்லை; நம் உடலே சொல்லும். கன்னத்தைத் தரையில் வைத்துக் குளிர்ச்சி தேடும் குழந்தை எழுந்து அமர்ந்து எழுதும் நாளே, விடுமுறையைப் பற்றிய நம் வழக்கு முடிவுறும் நாளாகும்.